பதினோரு நாள் வழி

ஜனவரி 7

இன்று இரண்டு வேன் சீட், ஒரு ஸ்கூட்டர் சீட் தைத்து முடித்தேன். ஸ்கூட்டர்க்காரருக்கு ஓரத்தில் சிவப்புப் பைப்பிங்தான் வேண்டுமாம். சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும் என்று சொன்னேன், கேட்கவில்லை. தைத்துக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் வந்து தையல் மேசையில் கிடந்த ரெக்ஸினையெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு ஒரு வரைபடத்தை விரித்தார். லாரி ஓட்டிய காலத்து வரைபடம். மடிப்புகளில் கிழிந்து எட்டுத் துண்டாகியிருந்தது. துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஏப்ரல் பத்தாம் தேதி கிளம்பறோம்."

"எங்கே?"

"பாலத்துக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான மாதத்திலிருந்து கேட்கிறேன் அந்தப் பாலத்தை. ஆறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறதாம், இரண்டு பக்கமும் தண்ணீராம். முதலில் சொன்னபோது இரண்டு மைல் நீளம். மகள் பிறந்த வருஷம் இரண்டரை ஆயிற்று. இப்போது மூன்று. நாற்பத்து மூன்று வருஷமாக அந்தப் பாலம் வளர்ந்துகொண்டே இருக்கிறது, நான்தான் இன்னும் பார்க்கவில்லை.

"ரயில்ல போயிடலாமே."

"ரயில் வேற பாலத்துல போவுது. இது லாரிப் பாலம். நம்ம பைக்ல போறோம். நான் டிரைவர், நீ கிளீனர்."

அறுபத்து மூன்று வயதில் கிளீனர் வேலை. சம்பளம் உண்டா என்றேன். டீ உண்டு என்றார்.

இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது ஏன் என்று கேட்டேன். "இப்பத்தான் போகணும்" என்றார். குனிந்து துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

ஜனவரி 9

மகளிடம் போனில் சொன்னேன். எதிர்பார்த்ததுதான்.

"அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? அப்பாவுக்கு அறுபத்தொம்பது. நீ முழங்கால் வலின்னு மாடி ஏறமாட்டேங்கிறே. பைக்ல எழுநூத்தைம்பது கிலோமீட்டரா?"

"போக எழுநூத்தைம்பது. வர எழுநூத்தைம்பது."

போனை என் பேத்தி பிடுங்கிக்கொண்டாள். "பாட்டி, ஹெல்மெட் என்னோட செலவு. அம்மாவை விடு, அவங்களுக்கு லிஃப்ட்ல ஏறவே பயம்."

இந்தக் குடும்பத்தில் வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்கிய முதல் பெண் என் பேத்தி. முதல் தடவையிலேயே தேறினாள். வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். நேற்று வேன்காரர், "அம்மா, இதை நீங்க மூணாவது தடவையா சொல்றீங்க" என்றார். நான்காவது தடவையும் சொன்னேன்.

ஜனவரி 18

ஞாயிறு இல்லை, ஆனாலும் கடையைச் சாத்திவிட்டு இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம்.

முப்பது வருஷ லாரி இரைச்சலில் இவருக்குக் காது மந்தம். ஹெல்மெட்டும் போட்டால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குத் தட்டுதான் பாஷை. லாரியில் டிரைவருக்கு இடப்பக்கம் தெரியாது. கிளீனர் எட்டிப் பார்த்துக் கதவுப் பலகையில் தட்டுவான். அதைத்தான் எனக்கும் பழக்கியிருக்கிறார். இடது தோளில் ஒரு தட்டு, இடப்பக்கம் ஏதோ வருகிறது. வலது தோளில் தட்டினால் வலப்பக்கம். இரண்டு தோளையும் அழுத்தினால் நிறுத்து. இந்த ஐந்து வருஷமாக இப்படித்தான் காய்கறிக் கடைக்கும் மகள் வீட்டுக்கும் போய்வருகிறோம். ஒரு கீறல் விழுந்ததில்லை.

பெருமை பேசக்கூடாது. ஆனால் என்னைப் போலப் பின்னால் உட்கார யாருக்கும் தெரியாது. மற்றப் பெண்கள் பின்னால் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள். நான் ரோட்டைப் பார்க்கிறேன்.

ஜனவரி 29

பேத்தி போனிலேயே வழி காட்டும் என்றாள். போன் வழி காட்டும், எந்தக் கடையில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று காட்டுமா? நானே ஒரு வழிப் புத்தகம் எழுதுகிறேன். நீளமான நோட்டு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், மொத்தம் பதினோரு பக்கம். போக ஐந்து, அங்கே ஒன்று, வர ஐந்து.

இவருடைய பழைய லாரிக் கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். ஒருவர் தூக்கத்தில் எழுந்து ஒரு மணி நேரம் பேசினார். எந்தத் திருப்பத்தில் பெட்ரோல் பங்க், எந்த இடத்தில் ரோடு போடுகிறார்கள், எந்த ஊருக்குள் லாரி வரிசை நிற்கும், எந்த மரத்தடியில் படுத்தால் எறும்பு. எல்லாம் எழுதினேன். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டேன். இடது திருப்பத்துக்கு நீல மை, வலதுக்குச் சிவப்பு.

இரண்டு பக்கம் முடிந்திருக்கிறது. இவரிடம் இன்னும் காட்டவில்லை.

பிப்ரவரி 4

மூன்றாம் நாள் தங்க இடம் அமையவில்லை. ஆறு பேரைக் கேட்டாயிற்று.

பிப்ரவரி 11

லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை. கூடவே போனேன். சுவரில் மாட்டிய பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். பரிசோதித்த பையன், "ஐயா, எனக்கே கடைசி வரி மங்கலாத் தெரியுது" என்றான். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

கண்ணில் என்ன குறை? கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் என் மெஷின் ஊசிக்கு இவர்தான் நூல் கோத்துத் தருகிறார்.

ஆனால் ஆள் கவனமே இல்லாமல் போய்விட்டார். இன்று வாசலில் வைத்திருந்த ஃபோம் மூட்டையில் இடித்துக்கொண்டு விழப் பார்த்தார். போன வாரம் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறார். "வீட்டுக்குள்ள உங்களுக்கு ஒரு கிளீனர் வைக்கணும்" என்று திட்டினேன். சிரித்தார்.

வீட்டில் கால் தரிப்பதும் இல்லை. காலையில் எட்டு மணி, சாயங்காலம் எட்டு மணி, மணி அடித்தாற்போல மீசை வீட்டுக்குப் போய்விடுகிறார். மீசை இவரோடு ஒன்றாக லாரி ஓட்டியவர், அடுத்த தெருவில்தான் இருக்கிறார். அப்படி என்ன பேச்சோ தினம் இரண்டு வேளை. பத்து நிமிஷத்தில் திரும்பியும் வந்துவிடுகிறார்.

பிப்ரவரி 20

நம் வண்டிக்கே சீட் தைத்தேன். ஊருக்கெல்லாம் தைத்தவள், எனக்கென்று தைப்பது இதுதான் முதல் தடவை. பின் சீட்டுக்கு இரண்டு அடுக்கு ஃபோம், கீழே கெட்டி, மேலே மெத்து. நடுவில் லேசாகக் குழிவு கொடுத்தேன், முழங்காலுக்குப் பாரம் வராமல் இருக்க. இரண்டு பக்கமும் தொங்க ரெக்ஸின் பை. ஒன்றில் துணி, ஒன்றில் ரெயின்கோட்டும் மாத்திரையும் வழிப் புத்தகமும்.

வழிப் புத்தகம் முடிந்துவிட்டது! மூன்றாம் நாளுக்கும் இடம் கிடைத்தது. ஒரு பழைய டிரைவரின் தங்கை வீட்டு மாடி.

இன்று இவரிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தாளை முகத்துக்கு நேராகத் தூக்கி, மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் படித்தார். முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷம் ஓட்டினேன். எனக்கு ஒருத்தனும் இப்படி எழுதித் தரலை" என்றார்.

எனக்கு அது போதும். இதற்குமேல் எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 22

நாளை ஒத்திகை. ஏரி வரை நாற்பது, திரும்ப நாற்பது. முழுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு.

பிப்ரவரி 26

மூன்று நாளாகப் பேனாவை எடுக்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, அது காரணமில்லை.

எழுதிவிடுகிறேன்.

ஏரி வரை நன்றாகப் போனோம். திரும்பும்போது பைபாஸ் முனையில் இருக்கிற டீக்கடையில் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய டிரைவர்கள் கூடுகிற கடை. மீசை இருந்தார். இன்னும் மூன்று பேர். நான் வழிப் புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். நான்தான் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. பெருமை.

மீசை அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்து, "எல்லாம் சரிப்பா. தங்கச்சிகிட்ட சொன்னியா இல்லியா?" என்றார்.

"என்ன அண்ணே சொல்லணும்?" என்றேன்.

இவர் சட்டென்று புத்தகத்தை எடுத்துக் காற்றில் ஆட்டினார். "இதைப் பாருங்கடா. அஞ்சாங்கிளாஸ் மேப்பு. இதை வச்சுக்கிட்டுப் போனா பாலத்துக்குப் போகமாட்டோம், நேராக் கடல்லதான் இறங்குவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மீசை சிரிக்கவில்லை. அதை அப்போது நான் கவனித்தும் மண்டையில் ஏறவில்லை.

அஞ்சாங்கிளாஸ். நான் படித்தது அவ்வளவுதான். இந்த வார்த்தையைக் கல்யாணத்தன்று இவருடைய அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. இவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

வண்டியில் ஏறினேன். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன். அஞ்சாங்கிளாஸ்காரி எதுக்கு, நீங்களே பார்த்து ஓட்டுங்க. ஒரு தட்டும் தட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை, சத்தியமாக எதுவும் நினைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இடப்பக்கத் தெருவிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். கைப்பிடியில் பை மாட்டியிருந்தது. நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பச்சைச் சட்டை. என் கை தானாக எழுந்தது. பிறகு — பட்டப்பகல், கண்ணுக்கு நேரே வருகிறாள், இவருக்குத் தெரியாதா என்ன, நாம் ஏன் தட்டணும் — கையை இறக்கிவிட்டேன்.

இவர் பிரேக்கே போடவில்லை.

பிப்ரவரி 27

அந்தப் பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. இவருக்குக் காறை எலும்பு. எனக்குச் சிராய்ப்பு. நான் தைத்த சீட்டிலிருந்து நான் நழுவிக்கூட விழவில்லை.

போலீஸ்காரர் கேட்டபோது இவர், "நான் பார்க்கலைங்க. தப்பு என்னுது" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நிற்கத்தான் செய்தேன்.

மார்ச் 1

கட்டுப்போட்ட ஆஸ்பத்திரியிலேயே கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். நேரே வந்த சைக்கிள் எப்படித் தெரியாமல் போகும் என்று அவர்களுக்கும் சந்தேகம்.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். இவரைப் பார்த்ததும், "நீங்களா? வண்டி ஓட்டக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றாள்.

பதினான்கு மாதம். பதினான்கு மாதமாக இவர் அங்கே போய்வந்திருக்கிறார். மீசையைக் கூட்டிக்கொண்டு.

கண்ணுக்குள் அழுத்தமாம். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறதாம். முதலில் ஓரங்கள் போகும், கடைசியில்தான் நடு போகும். அதனால்தான் பலகையைப் படிக்க முடிகிறது, ஊசியில் நூல் கோக்க முடிகிறது. எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் ஒரு தாளைச் சுருட்டி என் கண்ணில் வைத்தாள். மற்றக் கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னாள். "இப்படியே அந்தக் கதவு வரைக்கும் நடங்க பார்ப்போம்."

மூன்றாவது அடியில் நாற்காலியில் மோதினேன்.

"இன்னும் எவ்வளவு நாள்?" என்று கேட்டேன்.

"மருந்து ஒழுங்கா விட்டா மெதுவாப் போகும். போனது திரும்பாது."

வீட்டுக்கு வந்ததும் மீசை வந்தார். கையில் சொட்டு மருந்துப் புட்டி. இரண்டு வேளையும் இவர் அங்கே போனது இதற்குத்தானாம். நான் பார்த்துவிடக்கூடாதென்று அவருடைய வீட்டு அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்.

"அன்னிக்கு டீக்கடையில சொல்லிடலாம்னுதான், தங்கச்சி, வாயைத் திறந்தேன். அவன்தான் உன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிப் பேச்சை மாத்திட்டான்."

மருந்துப் புட்டியை வாங்கி மேசை மேல், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தேன்.

மார்ச் 2

"ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"சொன்னா நீ வண்டியில ஏறமாட்டே."

"ஏறமாட்டேன்தான். ஒரு உயிர் போயிருந்தா?"

"நீ பின்னால இருந்தா எனக்கு ரெண்டு பக்கமும் தெரியுது. நீ இல்லாம நான் ஒரு நாளும் ஓட்டலை. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். ஒரு வருஷமாகக் கடைக்குப் போவதென்றால்கூட, "வா, வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார். இந்த வயதில் என்ன ஆசை என்று உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது. எந்த வாயால் இவரைத் திட்டுவேன்?

மார்ச் 4

அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை.

ரொட்டியும் பழமும் வாங்கிப் போனேன். ஆஸ்பத்திரிச் செலவை மகள் ஏற்றுக்கொண்டாள், அதைச் சொன்னேன். அவளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை.

"ஆறு வாரம் கால் ஊனக்கூடாதாம்மா. இந்த வாரத்துக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. போட்டா அப்புறம் எடுக்கவா போறாங்க?"

"நான் வர்றேன்" என்றேன்.

"எங்கே?"

"உன் வேலைக்கு. நீ எழுந்திரிக்கிற வரைக்கும். உன் பேர்லயே கூட்டறேன்."

என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "உங்களுக்கு முழங்கால் வலி இருக்குல்ல? உட்காரும்போதே தெரிஞ்சுது" என்றாள். பிறகு, "ஐயா மேல எனக்குக் கோபமில்லைம்மா. வயசானவரு, பார்க்கலை. பார்த்துட்டு ஏத்தினாத்தானே தப்பு" என்றாள்.

அந்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 6

மகள் வந்து சண்டை போட்டாள். "சொந்தத் தொழில் செய்யிறவ, நீ போய்ப் பள்ளிக்கூடம் கூட்டணுமா? நான் ஆள் வச்சுத் தர்றேன். அப்பா செஞ்ச தப்புக்கு உனக்கு ஏம்மா தண்டனை?"

அப்பா செஞ்ச தப்பு.

இவர் உள்ளே படுத்திருந்தார். எழுந்து வந்து, "அவளை விடு. அவ போகட்டும்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 15

ஒன்பது வகுப்பறை, நீளமான நடை, இரண்டு மாடிப்படி, கழிப்பறை. ஐந்து மணிக்குப் போனால் எட்டுக்கு முடிகிறது. தலைமை ஆசிரியை முதல் நாள் முகத்தைச் சுளித்தார். இப்போது குட்மார்னிங் சொல்கிறார்.

ஐந்தாம் வகுப்பு அறையைக் கடைசியில் கூட்டுவேன். ஏன் என்று தெரியாது.

மார்ச் 24

கை வேலை ஓடவில்லை. வேன் சீட் ஒன்றை உட்புறம் வெளியாக வைத்துத் தைத்துவிட்டேன். முப்பது வருஷத்தில் இப்படி ஆனதில்லை. பிரித்துத் தைத்தேன்.

இவர் எதிரில் உட்கார்ந்து ஊசி கோத்துத் தருகிறார். ஒரு கை தோளோடு கட்டியிருக்கிறது, மற்றக் கையால் கோக்கிறார். மெஷினைத் தொட்டு, ஊசி இருக்கிற இடத்தை விரலால் கண்டுபிடித்து, பிறகுதான் முகத்தைக் கொண்டுபோகிறார். முன்பும் இப்படித்தான் செய்தார். நான் அதை நிதானம் என்று நினைத்தேன்.

சொல்லிவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் என்ன ஆகும்? என்னைத் திட்டுவார். திட்டட்டுமே. திட்டமாட்டார் என்றுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2

பேத்தி வந்தாள். வண்டியைப் பார்த்துக் கண் கலங்கினாள். கைப்பிடி வளைந்து, விளக்கு உடைந்து முன்னறையில் நிற்கிறது. "பாட்டி, நான் ஓட்டறேன். ஒருத்தர் ஒருத்தரா உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். என் தங்கம்.

இவர் சிரித்தார். "கிளீனர் இல்லாம லாரி எடுக்கக் கூடாதும்மா" என்றார்.

அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 10

கிளம்ப வேண்டிய நாள்.

பள்ளிக்கூடம் முடித்து வந்தேன். இவர் முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, முன்னறையில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஸ்டாண்டு போட்டபடியே நின்றது. ஜன்னல் பக்கம் முகம்.

"இறங்குங்க, யாராவது பார்த்தா சிரிப்பாங்க" என்றேன். இறங்கவில்லை. நான் துடைப்பத் தூசியோடு அப்படியே போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால், முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. முதுகிடம் சொல்லலாம்.

காது மந்தம். கிட்டே குனிந்து சொன்னேன்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு வந்ததை நான் பார்த்தேன்."

அசையவில்லை.

"பார்த்துட்டுத்தான் தட்டலை. நீங்க அஞ்சாங்கிளாஸ்னு சொன்னீங்கன்னு."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ கை தூக்கினா உன் உடம்பு முன்னால சாயும். முதுகுல தெரியும் எனக்கு. சாஞ்சே. நான் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனேன்."

"அப்புறம் ஏன் போடலை?"

"நீ கையை இறக்கிட்டே. சரி, வந்தது நின்னுடுச்சு போல, ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன்."

சாதாரணமாகச் சொன்னார். ஏதோ ஒரு ஊரில் ரோடு மோசம் என்று சொல்கிற மாதிரி. குற்றமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் தட்டவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. தட்டாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கையைத் தூக்கி இறக்கினேன். போகலாம் என்று நானேதான் சொல்லியிருக்கிறேன்.

"போலீஸ்காரர்கிட்ட ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? ஓட்டினவன் நான். கண்ணு தெரியாம ஓட்டினவனும் நான்." பிறகு, "அந்த மேப்பைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வேற எதுவும் வாயில வரலை" என்றார்.

அவருடைய முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வேன்காரர் சீட் வாங்க வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். மத்தியானம் போன் செய்தார்.

ஏப்ரல் 11

அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். நீண்ட நேரம் காலிலிருந்த மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். "இனிமே இங்க வராதீங்கம்மா. வேலையை மட்டும் முடிச்சுக் குடுங்க" என்றாள்.

ஏப்ரல் 19

முடித்துக் கொடுத்தேன். அவள் கோலை ஊன்றிக்கொண்டு வந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மே 30

வண்டியை மீசை ஓர் ஆளைக் கூட்டி வந்து விற்றுக் கொடுத்தார். சீட்டையாவது கழற்றி வைத்துக்கொள்ளச் சொன்னார் இவர். வேண்டாம் என்றேன்.

ஜூன் 21

டாக்டரிடம் போனோம். வலது கண்ணில் இனி வெளிச்சம் மட்டும்தான். இடதில் ஒரு காசளவு மிச்சம்.

ஜூலை 19

பாலத்துக்குப் பேருந்தில் வந்தோம். இரண்டு பேருந்து மாறி, ஒன்றரை நாள். என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். வழி நெடுக நான் பார்த்ததையெல்லாம் அவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பங்க், திருப்பம், லாரி வரிசை, சாலையில் படுத்திருந்த நாய். ஒன்றையும் விடவில்லை. நடத்துநர், "அம்மா, அவரைக் கொஞ்சம் தூங்க விடுங்க" என்றார். இவர், "நீங்க உங்க வேலையைப் பாருங்க. அவங்க அவங்க வேலையைப் பார்க்கிறாங்க" என்றார்.

காலை பத்தரை மணிக்குத் தண்ணீர் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கேட்டார்.

"பாலம் இன்னும் வரலியா? வந்தா டயருக்குக் கீழே கடகடன்னு சத்தம் வரும்."

நாங்கள் பாலத்தின் மேல்தான் போய்க்கொண்டிருந்தோம். சத்தமே இல்லை. அகலமான புதுப் பாலம். பழையது எங்களுக்கு இடப்பக்கம், எட்டித் தொடுகிற தூரத்தில் ஒல்லியாக நின்றது. இரண்டு முனையிலும் சுவர் எழுப்பி அடைத்திருந்தார்கள். நடுவில் கொஞ்ச தூரம் இடிந்து தண்ணீருக்குள் போயிருந்தது.

இதுதாங்க பாலம், வந்துட்டோம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. நாக்கு நுனி வரை வந்தது.

"வந்துடுச்சுங்க. ஆனா இது புதுசு. உங்க பாலத்தை மூடிட்டாங்க. பக்கத்துல நிக்குது, நடுவுல இடிஞ்சிருக்கு."

"எங்கே, காட்டு" என்றார்.

தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. பேருந்து வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"கிடைச்சுதா?"

"தண்ணி கிடைச்சுது. பளபளன்னு இருக்கு."

"பாலம்?"

"இல்லை." என் கையைத் தாடையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "போகட்டும். நாளைக்குத் திரும்பறப்போ வலப்பக்கமா உட்கார்ந்து பார்த்துக்கலாம்."

நாளைய பேருந்து இந்த இடத்துக்கு வரும்போது இருட்டியிருக்கும். அதையும் சொன்னேன்.